சிவப்புக் குழாய்

உறிஞ்சி எடுத்துவிடலாம். நீளமாக ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடைத்தால் போதும். ஒரு முனையை டேங்குக்குள் விட்டு, மறுமுனையில் வாயை வைத்து இழுத்து, வாய்க்கு வருவதற்குள் வாளிக்குத் திருப்பிவிடலாம். யாரோ செய்து பார்த்திருக்கிறேன். எங்கே பார்த்தேன்? அது கிடக்கட்டும். முப்பத்தெட்டு லிட்டர். எத்தனை வாளி ஆகும்? அத்தனை வாளியையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? யாராவது பீடியைப் போட்டால்?

அவள் இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு பெட்ரோல் பங்கில் நின்றபோது காலை மணி ஏழு பத்து. கையில் ரசீது. ரசீதின் இரண்டாவது வரியில் ‘சாதா’ என்று இருந்தது. ‘பிரீமியம்’ என்று இருந்திருக்க வேண்டிய இடம் அது.

பின்னால் காத்திருந்த வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். “ஏம்மா, ரசீதை வீட்டுல போய்ப் படிக்கக் கூடாதா? பரீட்சையா எழுதப் போறீங்க?”

மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறினாள். சாவியைத் திருப்பினாள். வண்டி எப்போதும்போல்தான் கிளம்பியது. அவளுக்கென்னவோ அது இருமியதுபோல் இருந்தது.

தவறு எப்படி நடந்தது என்று கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் கணவன் சொன்னபடியே செய்ததால் நடந்தது. வண்டிக்குப் பெட்ரோல் போடுவது அவன் வேலை. சனிக்கிழமைதோறும் அவனே கொண்டுபோய்ப் பிரீமியம் நிரப்பி, ரசீதை டாஷ்போர்டில் ஒரு கிளிப்பில் மாட்டி வைப்பான். இந்த வாரம் அக்காவையும் அத்தானையும் அழைத்துவர வெளியூர் போயிருந்தான். போகும்போது அவளை வாசலில் நிற்க வைத்துச் சொன்னான். “நீ ஒண்ணும் படிக்க வேணாம். யோசிக்கவும் வேணாம். நம்ம பங்க். சிவப்புக் குழாய். அவ்வளவுதான். ரசீதை மறக்காதே.”

நம்ம பங்கில் பள்ளம் தோண்டிப் போட்டு, குறுக்கே நாடா கட்டியிருந்தார்கள். முள் கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டிருந்தது. எட்டு மணிக்கு அவள் வேலையில் இருக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளி இருந்த வேறொரு பங்குக்குப் போனாள். நாமே எடுத்து ஊற்றிக்கொள்ளும் பங்க் அது. சிவப்புக் குழாயைத் தேடினாள், இருந்தது, எடுத்தாள், நிரப்பினாள். அந்தப் பங்கில் சிவப்பு என்றால் சாதா. பிரீமியம் நீலம். பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைகூடப் பார்த்திருக்கும்.

அவளோ மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். பெயர், வயது, வலக்கை, இடக்கை என்று நாள் முழுக்கப் பொடி எழுத்தைப் பார்ப்பதுதான் பிழைப்பு. ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட வலத்தை இடமாக மாற்றியதில்லை. அப்படிப்பட்டவளின் கண், ‘சிவப்பு’ என்ற ஒரு சொல் காதில் இருந்ததால், தலைக்கு மேலே இருந்த பலகையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதை நினைத்தபோதுதான் ரசீதை நான்காக மடித்துச் சில்லறைப் பையின் உள்ளறைக்குள் திணித்தாள்.

ஏனென்றால் இது இரண்டாவது தடவை.

போன வருடமும் ஒருநாள் அவசரத்தில் சாதாவைப் போட்டிருந்தாள். மறுநாள் காலை மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் வண்டிகள் அலறின. அவன் வந்தான், இழுத்துக்கொண்டு போனான், சரிசெய்து கொண்டுவந்தான். மாலையில் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லி எதிரில் உட்கார்ந்தான்.

அவன் அடித்ததில்லை. அடித்திருந்தால் யாரிடமாவது சொல்லிக்கொள்ள ஒரு சொல்லாவது இருந்திருக்கும். அவன் கேள்வி கேட்பான். எத்தனை மணிக்குப் போட்டே? யாரைக் கேட்டுப் போட்டே? நான் சொன்னது ஞாபகம் இருந்துதா இல்லையா? இருந்துதுன்னா ஏன் போட்டே? இல்லேன்னா வேற என்னெல்லாம் மறந்துபோயிருக்கே? குரல் உயராது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் முதல் கேள்வியில் ஆரம்பிப்பான். நான்காவது சுற்றில், செய்யாததையும் செய்ததாக அவளே ஒப்புக்கொள்வாள். ஒப்புக்கொண்டால்தான் எழுந்து சமையலறைக்குப் போக முடியும்.

அன்று முடிவில் கையை நீட்டினான். அவளிடமிருந்த சாவி அவனிடம் போயிற்று. நான்கு மாதம். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். காலை ஷிஃப்டுக்கு நேரத்தில் போய்ச்சேர முடியவில்லை. மேற்பார்வையாளர் அம்மா இரண்டு முறை பொறுத்துக்கொண்டு, மூன்றாவது முறை, “இப்படியே போனா உன் இடத்துக்கு வேற ஆளைப் பாக்க வேண்டியதுதான்” என்றாள். அதைச் சொல்லி அழுத பிறகுதான் சாவி திரும்பி வந்தது, ஒரு வாக்கியத்தோடு: “இன்னொரு தடவை இப்படி நடந்தா, சாவி திரும்பி வராது. நீயும் வேலை வேலைன்னு ஓட வேண்டாம்.”

அந்த நான்கு மாதத்தில் அவளுக்கு ஒரு பெயரும் வந்தது. நாத்தனார்தான் வைத்தாள். ‘சாதா.’ “சாதா, காபி கொண்டு வா. சாதா, உக்காரு.” குடும்பமே சிரித்தது. அவளும் சிரித்தாள். முதலில் சிரித்துவிட்டால் வலிக்காது என்பது சிறு வயதிலேயே அவள் கற்றுக்கொண்ட பாடம்.

எக்ஸ்ரே அறையில் அன்று அவளுக்கு எதுவும் ஓடவில்லை. “மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துவாள். பிறகு “விடலாம்” என்பாள். இது அவள் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியது. ஒரு பெரியவரைப் பலகையோடு அணைத்தாற்போல் நிறுத்தி, படம் எடுத்து, திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். திரையில் விலா எலும்புகள். அவளுக்கு அது என்ஜினின் உள்பக்கம்போல் தெரிந்தது. உள்ளே ஏதோ கறுத்துப் படிந்துகொண்டிருப்பதுபோல.

“எம்மா,” என்று ஒரு குரல் நசுங்கி வந்தது. “விடலாமா வேணாமா? ஒரேயடியா விட்டுடப் போறேன்.”

பதறிப்போய் ஓடினாள். பெரியவர் சிவந்த முகத்தோடு மூச்சை விட்டுவிட்டுச் சிரித்தார். “உங்க நுரையீரல் நல்லாத்தான் இருக்கு, தாத்தா” என்றாள். “இப்ப வரைக்கும்” என்றார் அவர்.

பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை. மருத்துவமனைக்குப் பின்தெருவில் இருந்த பட்டறைக்கு ஓடினாள். அவர்களுடைய வண்டியைப் பார்ப்பவர் அங்கேதான் இருந்தார். போன வருடம் சரிசெய்ததும் அவர்தான். ஒரு காருக்கடியில் படுத்திருந்தார், இரண்டு கால்கள் மட்டும் வெளியே. அவள் கால்களிடம் பேசினாள்.

“அண்ணா, எப்பவும் பிரீமியம் போடுற வண்டியில சாதா போட்டா என்ன ஆகும்?”

“ஓடும்” என்றன கால்கள்.

“விளையாடாதீங்கண்ணா. நிஜமாத்தான் கேக்குறேன்.”

“நானும் நிஜமாத்தான் சொல்றேன். பெட்ரோல் ஊத்தினா வண்டி ஓடும். தண்ணி ஊத்தினாத்தான் நிக்கும்.”

அவள் நகராததைப் பார்த்து, அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கையைத் துணியில் துடைத்துவிட்டு தெருமுனையில் அவள் நிறுத்தியிருந்த வண்டிவரை நடந்துவந்து, பெட்ரோல் போடும் மூடியைத் திறந்து காட்டினார். மூடியின் உள்பக்கம் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. திறந்தாலே கண்ணில் படும் இடத்தில். காலையில் திறந்தபோதும் அங்கேதான் இருந்திருக்கிறது.

“இந்த வண்டியைச் செஞ்சவனே எழுதி ஒட்டியிருக்கான் பாருங்கக்கா. சாதா போதும்னு. சில வண்டி இருக்கு, என்ஜினுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தி. அதுல சாதா ஊத்தினா, பொறி விழறதுக்கு முன்னாடியே பத்திக்கும். டக்கு டக்குன்னு உள்ள தட்டும். அதுக்குத்தான் பிரீமியம். அந்த வண்டிக்கு அது வேணும், நான் இல்லேங்கல. உங்க வண்டிக்கு? தலைவலி இல்லாதவனுக்குத் தைலம் தேய்க்கிற மாதிரி. மணமா இருக்கும். அவ்வளவுதான்.”

“அப்போ போன வருஷம் பாலத்துல நின்னுதே?”

“அது காயில் போனதுக்கா. பொறி குடுக்குற காயில். பழசைக் கழட்டி சார் கையிலயே குடுத்தேனே? திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘பெட்ரோலாலயா?’ன்னு ரெண்டு தடவை கேட்டார். ‘துளிகூடச் சம்பந்தம் இல்ல சார்’னு ரெண்டு தடவையும் சொன்னேன். ஏன், வீட்டுல சொல்லலியா?”

“சொன்னார்” என்றாள் அவள்.

மருத்துவமனைக்குத் திரும்பி நடக்கும்போது, வண்டியைப் பற்றிய பயம் போய்விட்டதை உணர்ந்தாள். அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. இத்தனை நாளும் அவன் நம்பினான், தவறாக நம்பினான் என்றுதான் நினைத்திருந்தாள். பிரீமியத்தை நம்பினான், சாதா கெடுத்தது என்று நம்பினான், அதனால் கோபப்பட்டான். தவறாக நம்புகிறவனோடு வாழ்ந்துவிடலாம். ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தது. மழையில் நனைந்து, இரண்டு பஸ் மாறி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு மாலையும், கதவைத் திறந்துவிட்டவனுக்கு அது காயில் என்று தெரிந்திருந்தது. “துடைச்சிட்டு உள்ள வா” என்று துண்டை நீட்டியவனுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் அவனுக்கு வேறு என்னவெல்லாம் தெரியும்? அவள் ஒப்புக்கொண்ட மற்றவை? நடைபாதையில், பூட்டிய கடையொன்றின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். வெயிலில் இரும்பு சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பிற்பகல் மூன்று மணிக்கு வெளியூரிலிருந்து மூவரும் வந்து இறங்கினார்கள். நாத்தனாரின் கணவர் கார் வாங்கப் போகிறார். வாங்குவதற்கு முன் மச்சானின் வண்டியில் ஒரு சுற்று போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. காபி குடித்த கையோடு கிளம்பினார்கள். அவன் தன் சாவியை எடுத்துக்கொண்டான். அவள் சாவி அவள் கைப்பையில் இருந்தது. ரசீதும் அங்கேதான் இருந்தது, நான்காக மடித்து, சில்லறைப் பையின் உள்ளறையில். கிளிப்பில் மாட்டவில்லை.

ஊரின் விளிம்பில், குடிநீர்த் தொட்டி இருக்கும் குன்றுக்கு ஏறும் சாலைக்கு வண்டியைத் திருப்பினான். செங்குத்தான ஏற்றம். அவள் பின்சீட்டில் நாத்தனாரோடு உட்கார்ந்திருந்தாள். ஏற்றம் தொடங்கியதும் அவன் ரேடியோவை நிறுத்தினான். கண்ணாடிகளை ஏற்றினான்.

“இப்ப கேளுங்க அத்தான்.”

எல்லோரும் கேட்டார்கள். மெக்கானிக் சொன்னது அவள் மூளைக்குத் தெரியும். ஆனால் வயிற்றுக்கு யார் சொல்வது? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு முப்பத்தெட்டு லிட்டர் கனம். டயரில் கல் நெரிந்தது. நாத்தனாரின் வளையல்கள் உரசின. ஒவ்வொன்றும் ‘டக்’ என்று கேட்டது. வளைவில் அவன் கியரை மாற்றியபோது அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். விடலாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

“என்னப்பா, எனக்கு ஒண்ணும் கேக்கலியே?” என்றார் நாத்தனாரின் கணவர்.

“அதான் அத்தான்! ஒண்ணும் கேக்காது. அதான் பிரீமியம். தொட்டில்ல வெச்சு ஆட்டுற மாதிரி இல்ல? காலுக்கடியில தெரியுது பாருங்க. எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாக்கூட எது ஓடுதுன்னு சொல்லிடுவேன்.”

“காசு ஜாஸ்தி குடுத்தா காலுக்கும் தெரியும்டா” என்றார் அவர்.

“உங்களுக்கு எல்லாமே கேலி அத்தான்.”

அவள் அவன் பின்கழுத்தைப் பார்த்தாள். சவரம் செய்த, சுத்தமான கழுத்து. வலப்பக்கம் ஒரு மச்சம். பதினோரு வருடமாகப் பார்க்கும் கழுத்து. சாதாவில் ஓடும் வண்டியை ஓட்டிக்கொண்டு, அந்தக் கழுத்து பிரீமியத்தை ரசித்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

நாத்தனார் அவள் தொடையைத் தட்டினாள். “சாதா, அந்தப் பாலத்துக் கதையைச் சொல்லேன். நீ சொன்னாத்தான் நல்லா இருக்கும். ஹேண்ட்பிரேக்னு நெனச்சு சீட்டைச் சாய்க்கிற கம்பியை இழுத்தியே, அதையும் சேத்து.”

அந்தக் கதையை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! கல்யாண வீட்டில், பிறந்தநாளில், விருந்தாளிகளுக்கு நடுவே. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண்ணை உருட்ட வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

“தொண்டை சரியில்ல அண்ணி” என்றாள்.

கண்ணாடியில் அவன் கண்கள் ஒரு கணம் பின்னால் வந்துவிட்டுப் போயின. கதையை அவனே சொன்னான். அவன் சொன்ன கதையிலும் பெட்ரோல்தான் வண்டியை நிறுத்தியது. காயில் வரவேயில்லை. அவன் குரலில் ஒரு சின்னத் தடங்கல்கூட இல்லை என்பதை அவள் கவனித்தாள். அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக அவளைப் பயமுறுத்தியது.

உச்சியில் நிறுத்தினார்கள். தொட்டியைச் சுற்றிக் கம்பி வேலி, எதிரே ஒரு கைப்பிடிச் சுவர், கீழே ஊர் முழுக்கக் கூரைகள். இறங்கியதும் நாத்தனாரின் கணவர் காரியத்துக்கு வந்தார். “அதெல்லாம் சரி மாப்ளே, லிட்டருக்கு எவ்வளவு வித்தியாசம்?”

“பெரிசா ஒண்ணும் இல்ல. ரசீதையே காட்டுறேனே. இன்னைக்குப் போட்டதுதான்.” அவன் உள்ளே குனிந்து கிளிப்பைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “எங்கே?”

தொலைந்துபோச்சு என்று சொல்லலாம். அந்தச் சொல் நுனிநாக்கில் இருந்தது. சொன்னால் நாற்காலி, தண்ணீர், முதல் கேள்வி. சொல்லாவிட்டாலும் அதேதான். கைப்பைக்குள் கையை விட்டாள். விரலுக்கு முதலில் சாவி தட்டுப்பட்டது, பிறகு காகிதம். காகிதத்தை எடுத்து நீட்டினாள். அப்படிச் செய்யப்போகிறோம் என்று செய்து முடிக்கும்வரை அவளுக்கே தெரியாது.

அவன் பிரித்தான். படித்தான். காதுமடல் இரண்டும் மெல்லச் சிவந்தன. மறுபடியும் படித்தான். பிறகு அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “எழுத்தெல்லாம் அழிஞ்சு கிடக்கு அத்தான். இந்தக் காகிதமே இப்படித்தான்” என்றான். பையில் வைக்கும்போது அவன் விரல் ஒருமுறை பையைத் தவறவிட்டு வெளியே தடுமாறியது.

இவனுக்கும் பயம், என்று நினைத்தாள். எல்லோர் முன்னாலும் இப்போதுதான் அத்தனை பேசினான். அந்தக் காகிதத்தை இன்னொருவர் படித்துவிட்டால் அவ்வளவும் போச்சு. அவளுக்கு அதனால் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. பயந்த மாடுதான் முட்டும்.

நாத்தனாரும் கணவரும் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய், தங்கள் பஸ் நின்ற இடம் தெரிகிறதா என்று வாதாடத் தொடங்கினார்கள். அவன் அவள் அருகில் வந்தான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்காக.

“சாவி” என்றான். உள்ளங்கையை இடுப்பு உயரத்தில் விரித்தான்.

“போன வருஷம் நின்னது காயில்” என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குச் சன்னமாக இருந்தது. “பழசை உங்க கையில குடுத்தாராம்.”

சிரிப்பு இன்னும் இருந்தது. கண்கள் மட்டும் அசையவில்லை. “எப்போ போனே அவன்கிட்ட? யாரைக் கேட்டுப் போனே? எதுக்குப் போனே?”

மூன்று கேள்விகள். மூன்றுக்கும் பதில் அவள் வாயில் வரிசையாக வந்து நின்றது, பழகிய பிள்ளைகள்போல. பத்து மணிக்கு. யாரையும் கேட்கவில்லை. பயந்துபோய்ப் போனேன். ஒன்றையும் வெளியே விடவில்லை.

“சாவியைக் குடுன்னு சொன்னேன்.”

கைப்பைக்குள் அவள் கை சாவியைப் பிடித்திருந்தது. அதன் பற்கள் உள்ளங்கையில் அழுந்தின. எடுத்துக் கொடுத்துவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். இன்றைய மாலை, இன்றைய நாற்காலி, எல்லாமே முடிந்துவிடும். காலை ஷிஃப்டும் முடிந்துவிடும்.

கையை வெறுமையாக வெளியே எடுத்தாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அது பாதியில் சிக்கியது. பொறுமையாகப் பின்னுக்குத் தள்ளி, மறுபடியும் இழுத்தாள்.

“திங்கக்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட்” என்றாள்.

“என்ன அங்க ரெண்டு பேரும் ரகசியம்?” என்று சுவரோரத்திலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள்.

அவன் கை விரித்தபடியே இருந்தது. அவள் பையை இரண்டு கைகளாலும் முன்னால் பிடித்துக்கொண்டாள். பயம் போகவில்லை. போகட்டும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை.